யாரு வயித்தெரிச்சலோ

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எரிஞ்சுபோன வீட்டுல பொண்ணெடுக்க ஒனக்குப் புடிக்கல, அதானம்மா?" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றைக்குச் சனிக்கிழமை. ஆறு நாளாக மனசுக்குள்ளேயே உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியை முழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உன் ரூமில் கூட இருக்கிற பையன்கள் வெளியே போன நேரமாகப் பார்த்துப் படி. இது அடுத்தவர் எட்டிப்பார்க்கிற கடிதம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்வியை எனக்குப் பிடிக்கும். நல்ல பிள்ளை, வாயாடாத பிள்ளை, அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுகிற பிள்ளை. எனக்குப் பிடிக்காதது அவளைப் பெற்றவளை. கோமதியை. நீ நினைக்கிற மாதிரி அவள் வீடு எரிந்துபோனதால் இல்லை. அவள் வீடு நன்றாக இருந்த காலத்திலிருந்தே பிடிக்காது. உனக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம், ஏனென்றால் அவள் மேல் எனக்குப் பொறாமை என்று நான் ஒருநாளும் வெளியே காட்டியதில்லை. காட்டாமல் வைத்திருப்பதில் நான் கெட்டிக்காரி. இன்றைக்கு இந்த எழுத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை விட்டுவிடுகிறேன்.

அவர்கள் நம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. வந்தபோது இரண்டே தறி. நமக்கு அப்போதே நாலு. வேலு மாமாவும் அவளும் ராவும் பகலுமாக ஓட்டினார்கள். இரண்டு நாலானது, நாலு ஆறானது. நமக்கு நாலு நாலாகவே இருந்தது. அவள் போட்ட கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும். சேலைக்குக் கலர் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு கண் உண்டு. நூல் கொடுக்கிற முதலாளி அவளிடம்தான் யோசனை கேட்பார். நீ ஒருநாள் தட்டில் கை வைத்துக்கொண்டே, "கோமதி அத்தை வீட்டுக் குழம்பு மாதிரி வைம்மா" என்றாய். ஏழெட்டு வயதுப் பிள்ளை, தெரியாமல் சொன்னது. உன் அப்பா சிரித்தார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. குழம்பில் அவள் என்ன போடுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷமாகியும் கேட்கவில்லை.

நீ பத்தாவது படிக்கும்போது உன் அப்பா போய்விட்டார். தறி ஓட்ட நான் இருந்தேன். ஆனால் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாக முடிந்து பிணைக்க வேண்டுமே, அந்த வேலை எனக்கு ஓடாது. வேலு மாமாதான் வந்து பிணைத்துத் தந்தார். அவர் விரல் ஓடுகிற வேகத்தில் கண்ணால் இழையைப் பார்க்கவே முடியாது. நம் வீட்டில் காப்பி மட்டும் குடிப்பார், வேறொன்றும் வாங்கமாட்டார். அவரை அனுப்பிவைப்பது கோமதி. உதவி செய்கிறவர்களிடம் நன்றி இருக்க வேண்டும் என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கோ அவர் ஒவ்வொரு தடவை வந்துபோன பிறகும், புருஷன் இருக்கிறவள் இல்லாதவளுக்கு அனுப்பிவைக்கிறாள் பார் என்றுதான் தோன்றும். நல்லது செய்தவர்கள் மேலும் வயிறு எரியுமா என்று கேட்பாய். எரியும். கெட்டது செய்தவர்களை விட அவர்கள் மேல்தான் கூட எரியும்.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். ஆறு வருஷமாகிறது. நீ திருநெல்வேலியில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாய். கோமதி புதிதாக இரண்டு தறி வாங்கி, ஆறை எட்டாக்கியிருந்தாள். வியாழக்கிழமை வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். "நாளைக்கி ஆடி வெள்ளி, புதுத் தறிக்குச் சாம்பிராணி போடுதோம். நீங்க வந்து நின்னாத்தான் எனக்கு நெறவா இருக்கும் மதினி" என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். போவதாக இல்லை. தலைவலி என்று சொல்லிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருக்கும். நான் பின்கட்டில் உட்கார்ந்து தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் மற்றத் தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரே இரைச்சல். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கோமதியின் தறிக்கூடத்து மேல் ஜன்னலிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நல்ல திரட்சியான புகை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு கூடை சாம்பிராணியைக் கொட்டியிருக்கிறாள், இரண்டு தறிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட ஆள் வந்துவிடப் போகிறதே என்று பின்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, திரும்ப வந்து தார் சுற்றினேன்.

நூல் கருகினால் அந்த வாடை நமக்குத் தெரியாதா? பஞ்சில் பொறி விழுவது தறிக்கூடத்தில் புதிதா? ஒவ்வொரு கூடத்திலும் வாளியில் ஈரச்சாக்கு எதற்கு ஊறிக்கிடக்கிறது? கொஞ்சம் வாடை வந்திருந்தாலும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனால் ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நம் வீடு மேல்கோடி. புகையையும் வாடையையும் காற்று கிழக்கே கொண்டுபோய்விட்டது. இதைச் சொல்லி நான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றிக்கொண்டேன். வாடை வராதது காற்றின் தப்பு, சரி. சாம்பிராணி என்றால் மணக்க வேண்டுமே, அதுவும்தானே வரவில்லை? ஆடி வெள்ளியும் அதுவுமாக, சுவரை ஒட்டிப் போடுகிற சாம்பிராணி ஏன் மணக்கவில்லை என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்க விடாமல் செய்தது காற்று இல்லை.

அந்தக் கூடத்தில் அப்போது ஆளே இல்லை. பூசைக்கு முன்னால் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். புதுத் தறிக்கு இழுத்த வயரில் பொறி பறந்து பஞ்சில் பிடித்ததாகப் பிறகு விசாரித்தவர்கள் சொன்னார்கள். அரைப் பெட்டித் தார் நான் சுற்றி முடித்திருப்பேன், தெருவில் கூச்சல் கேட்டது. கதவைத் திறந்தபோது அவள் கூரை உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரே சுவர், ஒரே வரிசை. காற்று தள்ளத் தள்ள வீட்டோடு சேர்த்து ஒன்பது கூடம் எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் நம் தெருவுக்குள் அது எப்படி நுழையும்? இரண்டு பக்கமும் லோடு ஆட்டோவும், பாவு சுற்றி அடுக்கி வைத்த பீமும். தெருமுனையில் நிறுத்தி, குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்று நாள் சாக்கடையில் சிவப்பும் நீலமுமாகச் சாயத்தண்ணீர் ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை என்று ஊர் ஆறுதல்பட்டது. வேலு மாமா கோயிலிலிருந்து ஓடிவந்து, புதுப் பாவையாவது இழுத்துவிடலாம் என்று உள்ளே போய், பழுக்கக் காய்ந்துகிடந்த இரும்புப் பீமை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தக் கையை நீ பார்த்திருக்கிறாய். விரல் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை. நம் வீட்டுப் பாவைப் பிணைத்த கை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் பெண்கள் எல்லாரும் தலையில் கை வைத்து நின்றோம். யாரோ ஒருத்தி சொன்னாள்: "யாரு வயித்தெரிச்சலோ, இப்படி எரிஞ்சு சாம்பலாப் போச்சு." இன்னார் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்த சொல். அப்படித்தானே எல்லாரும் சொல்வோம். நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றேன். எனக்கு மட்டும் தெரியும் யார் வயிற்றெரிச்சல் என்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என்னைப் பார்த்து, பாவம், பக்கத்து வீட்டுக்காரிக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

இதோடு என் பொறாமை செத்திருக்க வேண்டும். செத்திருந்தால் இந்தக் கடிதம் இங்கே முடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் எய்யா, அது வளர்ந்தது. எரிந்த வீட்டுக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரிகள் அரிசி மூட்டை அனுப்பினார்கள். கடையநல்லூரிலிருந்து ஜவுளிக்கடை பாய் ஒருவர் வேன் நிறையத் துணி கொண்டுவந்து, பெயரைக்கூடச் சொல்லாமல் இறக்கிவிட்டுப் போனார். ஒன்பது குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாக அழுதார்கள், சில நேரம் ஒன்றாகச் சிரித்தார்கள். வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போனால், "ஒங்களுக்கென்ன மதினி, தப்பிச்சுட்டீய" என்பார்கள். குத்திச் சொன்னதில்லை. ஆனால் அந்த "ஒங்களுக்கென்ன"வைக் கேட்டபிறகு நான் எந்தப் பாயில் உட்காருவது? நீ கல்லூரியிலிருந்து வந்ததும் பையை நம் வீட்டுத் திண்ணையில் வீசிவிட்டு நேரே மண்டபத்துக்கு ஓடினாய். அங்கேயே தூங்கினாய். வேலு மாமாவுக்கு மருந்து போட்டாய். கோமதி உன் தலையைத் தடவி, "எம் புள்ள" என்று யாரிடமோ சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வீடு எரிந்தவளைப் பார்த்து வயிறு எரிந்தவள் இந்தச் சங்கரன்கோவிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம் வீடும் எரிந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். எரிந்திருந்தால் நானும் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பேன்.

தெரு முழுக்க ஓய்ந்து கிடக்க, நம் நாலு தறி மட்டும் ஓடியது. அந்தச் சத்தம் அதுவரை எனக்குக் கேட்டதே இல்லை. எல்லாத் தறியும் ஓடும்போது எது யார் தறி என்று யாருக்குத் தெரியும்? இப்போது சடக் சடக்கென்று நம்முடையது மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்டது. மத்தியானம் ஆனால் வெட்கமாகி நிறுத்திவிடுவேன். ஒன்பதில் மூன்று குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. ஒரு வீட்டுக்காரர் இன்றைக்கும் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். செல்வி ஒரு வருஷம் படிப்பை விட்டு நைட்டி தைக்கப் போனாள். அவள் மார்க் ஷீட் எரிந்துபோனதற்கு நகல் வாங்க நீ தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவளோடு அலைந்தாய். அங்கேதான் உங்கள் கதை ஆரம்பித்தது என்று எனக்கு அப்போதே தெரியும். என் ரேஷன் கார்டில் பெயர் திருத்த உன்னிடம் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

தீக்குப் பிறகு நம் தெருவில் வந்த வழக்கம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர்கள் இரண்டு பக்கத்துச் சுவர்மேலும் குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டார் "போடுங்க" என்று பதில் சொன்ன பிறகுதான் கங்கில் தூவ வேண்டும். சொல்லாமல் புகை வந்தால் அது தீ. கோமதி மண்டபத்திலிருந்து திரும்பி, கூரையை மறுபடி போட்டு ஏறியதிலிருந்து ஒரு வெள்ளி தவறாமல், "மதினி, சாம்பிராணி போடுதேன்" என்று கூப்பிட்டாள். நீ வீட்டில் இருந்த வெள்ளிகளில் நீ பதில் சொன்னாய். நீ இல்லாத வெள்ளிகளில் நான் வாளியைத் தரையில் இழுத்துச் சத்தம் காட்டுவேன், அவ்வளவுதான். என் வாயால் "போடு" என்று சொல்ல வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டுதான் வாராவாரம் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். இப்போது அவள் பெண்ணைக் கட்டிவைக்கச் சொல்லி நீ கேட்கிறாய். ஆவணி பிறந்ததும் பூ வைக்கலாம் என்கிறாய். என் மகனை அவள் "மருமகனே" என்று கூப்பிடுவாள், நீயும் அங்கே போய் உட்கார்ந்து குழம்பு நன்றாக இருக்கிறது என்பாய். அந்த நினைப்புத்தான் என் வாயை அடைத்தது. அதோடு, நான் செய்ததை மறைத்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படிப் போய்ப் பூ வைப்பது?

புதன்கிழமை அவளிடம் போனேன். வேலு மாமா முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனேன். அவள் மிஷினில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புகையைப் பார்த்தது, சாம்பிராணி என்று நினைத்தது, கதவைச் சாத்தியது, ஏன் சாத்தினேன் என்பது. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"எம்புட்டு நேரம் மதினி?" என்று கேட்டாள்.

"அரைப் பெட்டித் தாரு சுத்துத நேரம்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் அது எவ்வளவு நேரம் என்று விளக்க வேண்டியிருக்கும். அவள் தன் காலடியில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். பாதிதான் நிறைந்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன், ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அவுககிட்ட இதச் சொல்லிராதீய. கையப் பாத்துப் பாத்து மனசு விட்டுருவாக" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மிஷினைப் போட்டாள். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஆறு வருஷமாக அவள் கூப்பிட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை, கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

உனக்கும் என் குணம் கொஞ்சம் உண்டு. பெரியப்பா மகன் புதுச் சைக்கிள் வாங்கியபோது ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றைப் பிடுங்கிவிட்டவன் நீ. அதனால் சொல்கிறேன். செல்வி உன்னை விட நன்றாகச் சம்பாதிக்கலாம், உன் பிள்ளைகள் உன்னை விட அவளிடம் ஒட்டலாம். வயிறு எரியாமல் இருக்க உன்னால் முடியாது, என்னால் முடிந்ததில்லை. ஆனால் எரிகிற நேரத்தில் கதவைச் சாத்தாதே. அவளிடமே போய், எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அசிங்கமாகத்தான் இருக்கும், சொல்லிவிடு.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே ஆடி, அதே மேல்காற்று. சாயங்காலம் பின்கட்டில் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். இன்றைக்கு வாயைத் திறந்து பதில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். குரல் வரவில்லை. இனி என்னைக் கூப்பிடமாட்டாள், அது அவளுக்கு நியாயம்தான் என்று உள்ளே திரும்பினேன். திரும்பும்போது பார்த்தேன். அவள் கூடத்து மேல் ஜன்னலில் வெள்ளையாகப் புகை. வாடை ஒன்றும் இல்லை. வாளியிலிருந்து ஈரச்சாக்கை உருவிக்கொண்டு, செருப்பில்லாமல், சேலை நனைய நனைய ஓடினேன். வேலு மாமா என்னவோ கேட்டார், நிற்கவில்லை. கூடத்துக் கதவைத் தள்ளினால் உள்ளே சாம்பிராணி மணம் மூக்கில் ஏறியது. கோமதி தூபக்காலை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வாரீயளான்னுதான் பாத்தேன் மதினி" என்றாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. சாக்கிலிருந்து தண்ணீர் அவள் மெழுகிய தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "சாக்க அங்கன போட்டுட்டு இங்கன வந்து ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். புகை அடங்கிய பிறகு எழுந்து வந்தேன்.

மன்னித்துவிட்டாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. வருகிற வழியிலேயே எனக்கு மறுபடியும் பொறாமை வந்துவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இப்படி ஒன்று செய்ய எனக்குத் தோன்றியிருக்காது, வெறுமனே பேச்சை நிறுத்தியிருப்பேன். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். உன்னையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள். எரிந்த வீட்டில் பெண்ணெடுக்கப் பிடிக்கவில்லையா என்று கேட்டாயே, பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு வா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடாதே, சனிக்கிழமை வா. வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டால், நீ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாய். இந்தத் தடவை அதை நான் சொல்ல வேண்டும்.

அம்மா